ஒற்றைக் காதும் ஐந்து ஒலிபெருக்கிகளும்

ராக் இசைத்தட்டுகளுக்கும் அறுபதாம் கல்யாணம் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் அவர்களேதான், பட்டு மட்டும் புதுசு. வருகிறவர்களும் முதல் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான், இந்த முறை முட்டி வலியோடு வருகிறார்கள். முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஒரு வட்டமான எண் கிடைத்துவிட்டால் போதும், ரெக்கார்ட் கம்பெனிகள் அட்டைப்பெட்டி செய்ய ஆரம்பித்துவிடும். ஏற்கனவே எல்.பி.யாக, கேசட்டாக, சி.டி.யாக மூன்று முறை காசு கொடுத்து வாங்கிய அதே நாற்பத்து மூன்று நிமிடத்தை நாலாவது முறையும் வாங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும். வாங்குகிறோம்.

பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ 2011-ல் அப்படி ஒரு பெரிய பெட்டியாக வந்தது. உள்ளே ஆறு தட்டுகள், புத்தகங்கள், புகைப்படங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு ஸ்கார்ஃப், காப்பித் தம்ளர் வைக்க அட்டைகள், அப்புறம் கோலிக்குண்டுகள். ஆமாம், கோலிக்குண்டு. ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எதற்கு என்று இன்றுவரை யாராலும் எனக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. என் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இதுக்கா நூறு டாலருக்கு மேல குடுத்தே?” என்றாள். கோலிக்காக இல்லை, உள்ளே இருந்த சில தட்டுகளுக்காக என்று சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது. என் மனைவிக்கு இன்னமும் புரியவில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் உண்மையாகவே புதிதாக இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்பது என் கட்சி. பழைய ஒலிநாடாக்களை எடுத்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கலந்த சரவுண்ட் வடிவம். மற்றதெல்லாம் சீர்வரிசை.

சரவுண்ட் என்பதைச் சினிமாத் தியேட்டரிலிருந்து வந்த விஷயமாகத்தான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். ஆனால் ராக் இசைக்குள் அது வெகுநாள் முன்னாலேயே ஒரு தரம் வந்து, தோற்று, போய்விட்டது. 1967 மே 12 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் பிங்க் ஃப்ளாய்ட் நடத்திய கச்சேரியில் அரங்கத்தைச் சுற்றி ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் விமானத்தில் இருப்பதைப் போன்ற ஒரு பிடி. பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் சத்தம் போகும். அஸிமத் கோஆர்டினேட்டர் என்று அதற்குப் பெயர். கச்சேரி முடிந்ததும் அதை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான். மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. திருடியவன் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணினான் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இதையே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். குவாட்ரஃபோனிக் என்று பெயர், நான்கு மூலையில் நான்கு ஒலிபெருக்கி. சி.பி.எஸ். கம்பெனி எஸ்.க்யூ. என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது, சான்சூயி க்யூ.எஸ். என்று இன்னொன்றை, ஜே.வி.சி. சி.டி.-4 என்று மூன்றாவதை. ஒன்றுக்கு வாங்கிய கருவியில் மற்றது ஒழுங்காகப் பாடாது. சி.டி.-4 தட்டைக் கேட்க ஊசியே தனியாக வாங்கவேண்டும், ஏனென்றால் முன்பக்க, பின்பக்க ஒலிகளின் வித்தியாசத்தை மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றி அதே பள்ளத்தில் செதுக்கியிருப்பார்கள். ஜனங்கள் எதை வாங்குவது என்று தெரியாமல் எதையுமே வாங்கவில்லை. பத்து வருடம் முடிவதற்குள் கடையைக் கட்டியாயிற்று.

ஆனால் ‘டார்க் சைட்’ அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை. அபே ரோட் ஸ்டுடியோவில் அதன் ஒலிப்பதிவாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ், நான்கு ஒலிபெருக்கியின் மகிமையைக் காட்டுவதற்காகவே ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிவு செய்துவைத்திருந்தார். ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரத்தில் அலறுகிறதே, அவை அந்தக் கடிகாரங்கள்தான். ‘மணி’ பாட்டின் ஆரம்பத்தில் சில்லறை, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி என்று ஏழு சத்தம் சுற்றிச்சுற்றி வரும். அளவுகோலை வைத்து அளந்து வெட்டிய நாடாத் துண்டுகளை ஒட்டிச் செய்த வளையம் அது. சத்தத்தைச் சுற்றவைக்கவேண்டும் என்ற ஆசை அந்த இசையின் உடம்பிலேயே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை, கருவியில்லை.

நான் அதை முதன்முதலில் கேட்டது 1986-ல், சென்னையில், எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலில். ரூம்மேட் வைத்திருந்த டூ-இன்-ஒன்னில் ஒரே ஒரு ஸ்பீக்கர். தொண்ணூறு நிமிட கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ‘டார்க் சைட்’, கச்சிதமாக அடங்கும். மறுபக்கம் ‘மௌன ராகம்’. கேசட் பதிவு பண்ணிக் கொடுத்த கடைக்காரர் பாட்டு வரிசையை எழுதும்போது ‘டார்க் சைடு ஆப் மூன் – முழுசும்’ என்று தமிழில் எழுதியிருந்தார். கடிகாரங்கள் அடித்தபோது பக்கத்து ரூம்காரன் வந்து கதவைத் தட்டினான், ஏதோ அலாரம் என்று. எல்லாமே ஒரு ஓட்டையிலிருந்து வந்தது. அதுபோதும் என்றுதான் இருந்தது அப்போது.

2003-ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. ஜேம்ஸ் கத்ரி என்பவர் ஐந்து புள்ளி ஒன்றாகக் கலந்திருந்தார். ‘த வால்’ காலத்திலிருந்து அந்தக் குழுவோடு வேலை செய்தவர். ஆலன் பார்சன்ஸ் 1973-லேயே செய்த நான்கு ஒலிபெருக்கிக் கலவையை அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 2011 கோலிக்குண்டுப் பெட்டியில்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நான் பெட்டி வாங்கியதும் அதனால்தான். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டு சமையல்காரர்கள் ஒரே வத்தக்குழம்பு வைத்ததுபோல இருக்கும். பார்சன்ஸ் கொஞ்சம் துணிச்சல்காரர், சாமான்களைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடுகிறார். கத்ரி வழவழவென்று இழைத்திருக்கிறார். எனக்கு பார்சன்ஸ்தான்.

இந்தக் கலவைகளை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் இது ஸ்டீரியோவை ஒரு கருவியில் விட்டு ஐந்தாகப் பிழிவது என்று நினைக்கிறார்கள். அப்படியும் செய்கிற அக்கிரமம் உண்டு. ஒழுங்கான வழி, மூல நாடாக்களுக்குப் போவது. பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ 1967-ல் நான்கு தடக் கருவியில் பதிவானது. நான்கு தடமும் நிறைந்துவிட்டால், நான்கையும் கலந்து இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு தடத்தில் இறக்கிவிட்டு, மிச்சமுள்ள தடங்களில் மேற்கொண்டு பாடுவார்கள். அது நிறைந்தால் மறுபடியும். ஒவ்வொரு முறையும் ஒலி ஒரு தலைமுறை மங்கும், முன்னால் கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. நல்லவேளையாக அபே ரோட்காரர்கள் அந்த முதல் நாடாக்களைத் தூக்கிப் போடவில்லை. ஐம்பதாம் ஆண்டுக்கு, 2017-ல், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெலும் அந்தப் பழைய தலைமுறை நாடாக்களை எல்லாம் வெளியே எடுத்து, ஒன்றோடொன்று காலம் பிசகாமல் பொருத்தி, புதிதாகக் கலந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனின் ‘விதின் யூ விதௌட் யூ’வைச் சரவுண்டில் கேட்டபோதுதான் தில்ரூபாக்களுக்கும் மேற்கத்திய வயலின்களுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தது. லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தது அது. அதுவரை எனக்கு அது ஒரு ஊதுபத்திப் புகைபோலத்தான் கேட்டிருந்தது.

இன்னொரு ஆள் ஸ்டீவன் வில்சன். தானே பாட்டுக்காரர். 2009-லிருந்து கிங் கிரிம்ஸனின் நாற்பதாம் ஆண்டு வரிசை, ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’, யெஸ்ஸின் ‘குளோஸ் டு த எட்ஜ்’ என்று ஒரு தலைமுறையையே தூசி தட்டியவர். அவர் வழக்கம் எனக்குப் பிடிக்கும். முதலில் பழைய ஸ்டீரியோ எப்படி இருந்ததோ அப்படியே வருகிறவரை மூல நாடாவிலிருந்து கட்டுவார். அது வந்தபிறகுதான் பிரித்து அறைக்குள் பரப்புவார். வீட்டை இடித்துக் கட்டுகிறவன் முதலில் பழைய வீட்டை அச்சாகக் கட்டிக்காட்டுவது மாதிரி. ‘குளோஸ் டு த எட்ஜ்’ நடுவில் ஒரு தேவாலய ஆர்கன் வரும், லண்டன் பார்பிகன் பக்கத்தில் ஒரு நிஜத் தேவாலயத்தில் பதிவு செய்தது. அவர் கலவையில் அது எழுகிறபோது அறைக்குச் சுவரே இல்லாததுபோல இருக்கும்.

எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். பின்னால் இரண்டு ஒலிபெருக்கி இருக்கிறதே, சும்மா விடலாமா என்று தபேலா ஒரு மூலை, கைதட்டல் ஒரு மூலை என்று எறிந்துவைக்கிற கலவைகள் நிறைய. குதிரை லாயத்துக்கு நடுவில் உட்கார்ந்தது போல இருக்கும். ஒரு குழு ஒன்றாகச் சேர்ந்து வாசித்தார்கள் என்ற நினைப்பே போய்விடும்.

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கியபோது பேஸ்மென்ட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார் என் மனைவி. மேலே மூன்று மாடியும் அவருக்கு என்பது ஒப்பந்தம். டேப்பை வைத்து அளந்தேன். நேர் முன்னால் ஒன்று, அதிலிருந்து முப்பது டிகிரியில் இடமும் வலமும், பின்பக்கம் நூற்றுப் பத்து டிகிரியில் இரண்டு. நடுவில் ஒரு நாற்காலி. சரவுண்ட் என்பது கொஞ்சம் சுயநலமான ஏற்பாடு. அந்த ஒரு நாற்காலிக்குத்தான் முழுப் படையல், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மிச்சம்தான். மனைவி ஒரே ஒரு தரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘டைம்’ கேட்டார். கடிகாரம் அடித்ததும் எழுந்து, “ஏங்க, இதுக்கு நம்ம ஊர் கோயில் மணியே தேவலாம்” என்று சொல்லிவிட்டு மேலே போனவர்தான்.

2023 மார்ச்சில் ‘டார்க் சைட்’டுக்கு ஐம்பதாவது ஆண்டு. இந்த முறை அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி. அதே ஜேம்ஸ் கத்ரி. ஜனவரியிலேயே பெட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டு, கூரைப் பக்கமாக இரண்டு ஒலிபெருக்கிகளும் வாங்கி மாட்டினேன்.

பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. விமானத்தில் இறங்கும்போது அடைக்குமே, அந்த மாதிரி. கொட்டாவி விட்டுப் பார்த்தேன், மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன். மத்தியானம் ஆனபோது அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் நிற்காமல் கத்துவதுபோல ஓர் இரைச்சல். வீட்டுக்குப் பக்கத்தில் முன்பதிவில்லாமல் பார்க்கிற ஒரு கிளினிக்குக்குப் போனேன். காதுக்குள் எட்டிப்பார்த்த மருத்துவர், சளிதான், குறும்பியும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு வாரத்தில் தானாகத் திறந்துகொள்ளும் என்று சொல்லி மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் அடித்தேன். ஒன்பதாம் நாள் காது-மூக்கு-தொண்டை நிபுணர் ஒருவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, ஏன் அன்றைக்கே வரவில்லை என்பதுதான்.

உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்க் கேளாமை. வைரஸாக இருக்கலாம், ரத்த ஓட்டமாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை, அது போதாதென்றால் செவிப்பறை வழியாக ஊசி. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரம்தான் முக்கியம் என்றார். இரண்டும் செய்தோம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுத்து, விழுங்காமல் பேசாமல் இருக்கவேண்டும். தொண்டை வழியாக மருந்து இறங்கிவிடக்கூடாது. மூன்று ஊசி. அந்த வாரங்களில்தான் ஒரு விசித்திரம் நடந்தது. இடது காதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் கேட்பும் வேறு சுருதியில் கேட்டது. மைக்ரோவேவ் ‘பீப்’ என்றால் வலது காதில் ஒரு ஸ்வரம், இடது காதில் அதைவிட ஏறத்தாழ அரை ஸ்வரம் இறங்கி, கரகரத்து. மனைவி பூஜை அறையில் பாடினால் ஒரே ஆள் இரண்டு சுருதியில் பாடுவார். அதற்கும் மருத்துவத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு அதுவும் போய்விட்டது. ஏப்ரலில் எடுத்த பரிசோதனையில் இடது பக்கக் கோடு தாளின் அடியில் படுத்திருந்தது.

பெட்டி மார்ச் கடைசியில் வந்தது. சின்ன டிவி அளவு. பிரிக்கவில்லை.

காது ஒன்று போனால் பாதி சத்தம் போகும் என்று நினைப்பார்கள். சத்தம் அவ்வளவாகப் போவதில்லை, திசைதான் போகிறது. இடப்பக்கமிருந்து வருகிற ஒலி இடது காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு வந்துசேர அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதிலும் சுமார் முக்கால் பாகம்தான். அந்த இடைவெளியை மூளை அளக்கிறது. கூடவே, தலை ஒரு சுவராக நின்று மெல்லிய உச்ச ஒலிகளை மறைப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டு காதும் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஸ்டீரியோ, சரவுண்ட் எல்லாமே இந்தக் கணக்கை ஏமாற்றிச் செய்கிற வித்தைதான். ஒரு காது போனவனை ஏமாற்ற முடியாது. வீட்டுக்குள் செல்போன் அடித்தால் எந்த அறை என்று தெரியாமல் நான் சுற்றுவேன். ரோட்டைக் கடக்கும்போது கார் எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கமும் மூன்று தரம் பார்ப்பேன். அதைவிடக் கஷ்டம் கல்யாண மண்டபம். நாதஸ்வரமும் ஐந்நூறு பேரின் பேச்சும் ஒரே சுவராக வந்து நிற்கும். நடுவில் பெரியப்பா என்னிடம் ஏதோ கேட்பார். நான் சிரித்துவைப்பேன். போன வருஷம் அப்படிச் சிரித்துவைத்தது ஒரு துக்கச் செய்திக்கு.

மே மாதம் ஒரு ராத்திரி பேஸ்மென்ட்டுக்குப் போனேன். புதுப் பெட்டியைப் பிரிக்காமல் பழைய தட்டையே போட்டேன், பார்சன்ஸ் கலவை. அறையில் நான்கு மூலை ஒலிபெருக்கியும் வேலை செய்கின்றன என்பது ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்தால் தெரிந்தது. கடிகாரங்கள் அடித்தன. எல்லாமே என் வலது தோளுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரே இடத்தில், ஒரே கூடையில் போட்டுக் குலுக்கியதுபோல அடித்தன. ‘மணி’யின் சில்லறைகள் எங்கேயும் சுற்றவில்லை. பாட்டு முழுக்க இருந்தது, ஒரு ஸ்வரம் குறையவில்லை. அறைதான் இல்லை. பாதியில் நிறுத்தவும் தோன்றவில்லை, முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேலே வந்தபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, “அந்த அஞ்சு ஸ்பீக்கரையும் என்னங்க பண்ணப் போறீங்க?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார். அவர் என் வலது பக்கமாக வந்து நின்று கேட்டதைக் கவனித்தேன். அதற்குள் வீட்டில் எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள்.

“இருக்கட்டும்” என்றேன்.

ரூம்மேட் இப்போது பெங்களூரில் இருக்கிறான். அவனிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “டேய், பீச் பாய்ஸ் கேளுடா. ‘பெட் சௌண்ட்ஸ்’. மோனோ” என்றான்.

‘பெட் சௌண்ட்ஸ்’ என்னிடம் ஏற்கனவே இருந்தது, சரவுண்டில்தான். 2006-ல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு. பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காது என்பதும் ஒரு தகவலாகத் தெரியும். ஆனால் சில தகவல்கள் நம் உடம்பில் வந்து உட்காரும்வரை வெறும் தகவல்தான். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது கேட்காது. அப்பா முர்ரி அடித்ததில் போயிற்று என்பது ஒரு கதை, பிறவியிலேயே என்பது இன்னொன்று. அவருக்கு இடது, எனக்கு வலது. இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு முழு ஸ்டீரியோ ஆகியிருப்போம்.

இருபத்து மூன்று வயதில் அவர் அந்தத் தட்டைச் செய்தார். 1966 மே 16 அன்று வெளிவந்தது. மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்யப் போயிருந்த நேரம், இவர் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு கட்டினார். ஹால் பிளெய்ன், கேரல் கே போன்ற ஹாலிவுட் கூலி வாத்தியக்காரர்கள். ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர். பாஸ் இரண்டு, அக்கார்டியன், டிம்பனி, சைக்கிள் மணி, சைக்கிள் ஹாரன். ஒரு பாட்டின் தொடக்கத்துக்கு, பாட்டெழுதிய டோனி ஆஷர் பியானோவின் மூடியைத் திறந்து குனிந்து கம்பிகளை ஹேர்பின்னால் சுண்ட, வில்சன் கட்டைகளை அழுத்தினார். காலி ஜூஸ் புட்டியைத் தட்டினார்கள். இத்தனையும் மூன்று அல்லது நான்கு தடத்தில் பதிவாகும், பிறகு அத்தனையும் ஒற்றைத் தடமாகக் கலந்து இன்னொரு நாடாவுக்குப் போகும். மிச்சத் தடங்களில் குரல்கள். கடைசியில் எல்லாம் மோனோ. ஃபில் ஸ்பெக்டரின் வழியில் வந்தவர் என்பதும், அன்றைக்கு காரிலும் ரேடியோவிலும் மோனோதான் என்பதும் காரணங்கள். ஆனால் ஸ்டீரியோ என்ற ஒன்றை அவரால் கேட்கவே முடியாது என்பதும் ஒரு காரணம்.

பின்னால் இதைப் பிரித்தவர் மார்க் லினெட். பீட்டில்ஸுக்குச் செய்ததற்கெல்லாம் முன்னால், தொண்ணூறுகளில், அந்த முதல் தலைமுறை வாத்திய நாடாக்களையும் குரல் நாடாக்களையும் பொருத்தி ஸ்டீரியோ செய்தார். முப்பதாம் ஆண்டுக்கென்று தொடங்கிய பெட்டி 1997-ல்தான் வந்தது. சில குரல்கள் கடைசி மோனோ கலவையின்போதுதான் பாடப்பட்டிருந்தன, அதனால் நாடாக்களில் அவை இல்லை. ‘வுடன்ட் இட் பி நைஸ்’ நடுப்பகுதியை மோனோவில் மைக் லவ் பாடுவார், அந்த முதல் ஸ்டீரியோவில் பிரையனே பாடுவார். ஒரே பாட்டு, ஆள் வேறு. பிறகு 2003-ல் சரவுண்ட், 2006-ல், 2016-ல் மறுபடியும் பெட்டிகள், 2023-ல் ஜைல்ஸ் மார்ட்டினின் அட்மாஸ். ஒரு காதுக்காரர் தன் ஒரு காதுக்காகச் செய்த இசையைச் சுற்றி இத்தனை ஒலிபெருக்கி. கலவையைக் கேட்டு ஒப்புதல் சொல்லவேண்டியவருக்கு அதன் பின்பக்கம் எது முன்பக்கம் எது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

இதை ஒரு அபத்தம் என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். அந்தச் சரவுண்டை நான் இரண்டு காதோடு பல வருடம் கேட்டவன். அதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் தெரியும், இங்கே அக்கார்டியன், அங்கே சைக்கிள் மணி என்று. அது ஓர் ஆனந்தம், அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மோனோவில் என்ன நடக்கிறது என்றால், அக்கார்டியனும் ஆர்கனும் சேர்ந்து இரண்டுமல்லாத மூன்றாவது ஒரு வாத்தியமாக ஆகிவிடுகின்றன. அந்த மூன்றாவது வாத்தியத்துக்குப் பெயர் கிடையாது. பிரித்தால் அது காணாமல் போய்விடும். சாம்பார்ப் பொடியில் மல்லி எங்கே மிளகாய் எங்கே என்று தேடுகிறவன் சாம்பாரைச் சாப்பிடுவதில்லை. திசையை வைத்துப் பிரிக்க முடியாத ஆள், எது மேலே எது கீழே, எது பக்கத்தில் எது தூரத்தில் என்பதை நிறத்தையும் அளவையும் வைத்தே செய்திருக்கிறார். ஆழம் அதில் இருக்கிறது, அகலம்தான் இல்லை. என் வலது காதுக்கு அந்தத் தட்டில் எதுவும் குறையவில்லை. இரண்டரை மாதத்தில் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ‘காட் ஒன்லி நோஸ்’ முடிவில் குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். அவை ஒரே ஸ்பீக்கருக்குள்ளேயே சுற்றின.

ஐந்து ஒலிபெருக்கியையும் நான் இன்னும் விற்கவில்லை. காரணம் சென்டிமென்ட் மட்டுமில்லை. பேஸ்மென்ட் நாற்காலி சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. ஒரு நாள் தட்டு ஓடும்போது தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். வலது காது பின்பக்க மூலைக்கு நேராக வந்ததும், கத்ரியின் கலவையில் அந்த மூலையில் இருந்த பேச்சுக்குரல் ஒன்று சட்டென்று மேலெழுந்து வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், அது அமிழ்ந்து ஆர்கன் வந்தது. ஒலி என்னைச் சுற்றாவிட்டால் என்ன, நான் சுற்றலாம். இப்போது அப்படித்தான் கேட்கிறேன். ‘மணி’யின் சில்லறைக்கு ஏற்ப காலால் உந்தி நாற்காலியைச் சுழற்றினால் கிட்டத்தட்ட பழைய சுற்று கிடைக்கிறது, கூடவே கொஞ்சம் தலைசுற்றலும். உள்காது போனவன் செய்யக்கூடிய காரியம் இல்லை என்று நிபுணர் சொல்வார், அதனால் அவரிடம் சொல்லவில்லை. காதுமடலின் மடிப்புகளால்தான் மேலே கீழே என்ற உணர்வு வருகிறதாம், அதற்கு ஒரு காதே ஓரளவு போதும். அட்மாஸ் பெட்டியைக் கடைசியில் பிரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. இடமும் வலமும் போன எனக்கு, கூரையிலிருந்து வருவது மட்டும் மங்கலாகக் கூரையிலிருந்தே வருகிறது. ஜனவரியில் மாட்டிய அந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் தண்டமில்லை.

2025 ஜூனில் பிரையன் வில்சன் இறந்துபோனார், எண்பத்திரண்டு வயது. அந்த வாரக் கடைசியில் பெண் பாஸ்டனிலிருந்து வந்திருந்தாள். கோலிக்குண்டுக்காக என்னைக் கிண்டல் பண்ணியவள். இப்போது இயர்போனில் அட்மாஸ் கேட்கிற தலைமுறை அவள், ஒலிபெருக்கி என்பதே அவளுக்கு ஒரு மேஜை நாற்காலி. “அப்பா, அந்த மோனோவைப் போடேன்” என்றாள். அவளுக்கு அந்தச் சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் மாடிப்படியில், வலது காது அறைப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். நடு ஒலிபெருக்கி மட்டும். நடுவில் அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டினேன், அப்புறம் சொல் என்று. கடைசிப் பாட்டு ‘கரோலைன், நோ’ முடிந்ததும் ஒரு ரயில் கடந்துபோகும், நாய்கள் குரைக்கும். பிரையன் வில்சனின் சொந்த நாய்கள், பனானாவும் லூயியும். பக்கத்து வீட்டு நாய் மேலே எங்கேயோ பதிலுக்குக் குரைத்தது. நான் தட்டில் இருக்கிற நாய்தான் என்று நினைத்தேன். “இல்லப்பா, அது வெளியில” என்று அவள் இடப்பக்கம் கையைக் காட்டினாள்.